தரையில் முப்பது விநாடி: ஈட்டி மீன்வேட்டைக்கு மூச்சடக்கப் பயிற்சி

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பாறைக்குப் பின்னால் படுத்து மீனுக்குக் காத்திருப்பவரின் கணக்கு இது. இறங்க 14 விநாடி. ஏற 14 விநாடி. மொத்த முக்குளிப்பும் ஒரு நிமிடம் என்றால் கடல் தரையில் கிடைப்பது முப்பது விநாடிக்குச் சற்று மேல். பயிற்சி இல்லாதவர் அதில் பாதியை மூச்சு முட்டுவதோடு மல்லுக்கட்டியே தீர்த்துவிடுவார். தோள் இறுகும், கால் உதறும், தலை அடிக்கடி மேலே திரும்பும். பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்த களவா மீன் அந்த அசைவிலேயே உள்ளே போய்விடும்.

ஃப்ரீடைவிங், அதாவது காற்று உருளை இல்லாமல் ஒரே மூச்சில் முக்குளிக்கும் பயிற்சி என்றதும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் தம் கட்டுவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஈட்டி வேட்டைக்கு அவ்வளவு தேவையே இல்லை. அதே ஒரு நிமிடத்தை உடம்பு இறுகாமல், காது வலிக்காமல், மேலே வரும்போது கையிருப்பு ஆக்சிஜனோடு கழிப்பதுதான் இந்தப் பயிற்சியின் பலன். இரண்டரை நிமிடம் அசையாமல் மூச்சடக்கக்கூடிய ஒருவர் கடலில் ஒரு நிமிட முக்குளிப்புகளோடு நின்றுகொண்டால், அவருக்கு மீனும் கிடைக்கும், வீடும் வந்து சேருவார்.

தொடங்கும் முன் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, ஃப்ரீடைவிங் முதல்நிலைப் பயிற்சி வகுப்பு. 1992-இல் தொடங்கப்பட்ட ஐடா (AIDA) போன்ற ஃப்ரீடைவிங் அமைப்புகளின் சான்று பெற்ற பயிற்றுநர்கள் இரண்டு மூன்று நாட்களில் இதை நடத்துகிறார்கள். மயங்கியவரை மேலே கொண்டுவரும் பயிற்சியை எழுத்தில் படித்துக் கற்க முடியாது என்பதாலேயே வகுப்பு கட்டாயம். இரண்டாவது, உங்களுக்கு நிகராக இறங்கத் தெரிந்த ஒரு ஜோடி. அவர் படகில் உட்கார்ந்திருக்கும் நண்பராக இருந்தால் போதாது. நீங்கள் இறங்கும் ஆழத்துக்கு அவராலும் இறங்கி உங்களைத் தூக்கி வர முடிய வேண்டும். இருவரில் குறைவாக இறங்குபவரின் ஆழமே இருவருக்கும் அன்றைய எல்லை.

மூச்சு ஏன் முட்டுகிறது

தம் கட்டிய சிறிது நேரத்தில் மூச்சு விடச் சொல்லி உடம்பு கெஞ்சுகிறதே, அது ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு ஏறியதால் வருவது. முதலில் தொண்டையில் ஒரு விழுங்கும் உணர்வு, பிறகு நெஞ்சில் சூடு, பிறகு உதரவிதானம் தானாகத் துடித்து வயிறு உதறும். அந்த முதல் துடிப்பு வரும்போது ஆரோக்கியமான ஒருவரிடம் ஆக்சிஜன் இன்னும் கணிசமாக இருக்கும். உடம்பு வைத்திருக்கும் எச்சரிக்கை மணி அது.

இதனால்தான் முக்குளிக்கும் முன் வேக வேகமாக ஆழ்ந்து மூச்சு விடும் பழக்கம் ஆளைக் கொல்கிறது. அப்படிச் செய்தால் ஆக்சிஜன் குறிப்பிடும்படி கூடுவதில்லை. சாதாரண மூச்சிலேயே இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு 97, 98 சதவீதம் இருக்கும். கரியமில வாயுதான் வெளியேறிவிடுகிறது. அதாவது மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறீர்கள். மூச்சு முட்டாமலே நேரம் ஓடும், சுகமாகவும் இருக்கும். நினைவு போவது தெரியாது. விரல் நுனியும் உதடும் மதமதப்பது, தலை லேசாகச் சுற்றுவது இரண்டும் அளவுக்கு மேல் மூச்சு விட்டதன் அடையாளங்கள். அவை தெரிந்தால் இறங்காதீர்கள். ஓரிரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விட்டு, மதமதப்பு போன பிறகு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஆழம் இன்னொரு ஏமாற்றைச் செய்கிறது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. நுரையீரல் நசுங்குவதால் உள்ளிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடி, கீழே இருக்கும்போது தாராளமாக இருப்பது போலத் தோன்றும். ஏறும்போது இது தலைகீழாகும். கடைசிப் பத்து மீட்டரில் அந்த அழுத்தம் பாதியாக விழுகிறது. நினைவிழப்பு பெரும்பாலும் அந்தக் கடைசி மீட்டர்களிலோ, தலை வெளியே வந்த பின் முதல் அரை நிமிடத்திலோ நடப்பது இதனால்தான். அடியில் நன்றாகத்தானே இருந்தேன் என்ற நினைப்பை நம்ப முடியாது.

கரையில் செய்வது

எட்டு வாரம் போதும். வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஓட்டமோ நீச்சலோ சைக்கிளோ. மூக்கால் மட்டும் மூச்சு விட முடிகிற வேகத்தில். இதைச் செய்யாமல் தம் பயிற்சியை மட்டும் செய்பவர்கள் கடலில் நான்கைந்து முக்குளிப்புக்குள் களைத்துவிடுவார்கள். ஒரு முக்குளிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு சீக்கிரம் தேறுகிறோம் என்பதை இதயத்தின் தெம்புதான் முடிவு செய்கிறது.

மூச்சடக்க அட்டவணையை வாரம் இரண்டு நாள், படுக்கையில் படுத்தபடி செய்யுங்கள். தண்ணீரில் தனியாக ஒருபோதும் கூடாது. குளியல் தொட்டியும் தண்ணீர்தான். ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியிலும் கூடாது. முதலில் நன்றாக ஓய்வெடுத்து, சிரமப்படாமல் எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் உச்ச நேரம். இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் கரியமில வாயு அட்டவணை. அடக்கும் நேரம் மாறாது, ஓய்வு குறைந்துகொண்டே வரும். ஒரு நிமிடம் அடக்கி 2:00 ஓய்வு, மறுபடி ஒரு நிமிடம் அடக்கி 1:45 ஓய்வு, இப்படியே 1:30, 1:15, 1:00, 0:45, 0:30 என்று இறங்கி, எட்டாவது முறை அடக்கி முடிப்பது. கடைசி இரண்டு மூன்று சுற்றில் வயிறு உதறும். உதறட்டும். அப்போது முகத் தசை, நாக்கு, தோள், விரல் ஒவ்வொன்றையும் கவனித்துத் தளர்த்துவதுதான் இங்கே கற்கவேண்டிய பாடம். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு சுற்றையும் முடிப்பவர் கடலிலும் பல்லைத்தான் கடிப்பார்.

வேறொரு நாள் ஆக்சிஜன் அட்டவணை. இதில் ஓய்வு எப்போதும் இரண்டு நிமிடம். அடக்கும் நேரம் 60 விநாடியில் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூடி எட்டாவது முறை 95 விநாடி. உங்கள் உச்ச நேரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு அட்டவணையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை உச்ச நேரத்தை மறுபடி பார்த்து எண்களை மாற்றினால் போதும். எங்களைக் கேட்டால் வேட்டைக்காரருக்கு முதல் அட்டவணைதான் முக்கியம். நேரம் குறைவாக இருந்தால் இரண்டாவதை விட்டுவிடலாம்.

விலா எலும்புக் கூடு இளகியிருக்க வேண்டும். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை நிறைத்து, பக்கவாட்டில் சாய்ந்து 20 விநாடி, இரு பக்கமும் மூன்று முறை. யோகா செய்பவர்களுக்கு உட்டியான பந்தம் தெரிந்திருக்கும். மூச்சை முழுதும் வெளியே விட்டு, தொண்டையை மூடி, விலாவை விரித்து வயிற்றை உள்ளிழுப்பது. உதரவிதானத்துக்கு இதைவிட நல்ல நீட்டல் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் மூன்று முறை செய்தால் போதும். வலிக்கும் அளவுக்கு இழுத்தால் தசை கிழியலாம், அதனால் நிதானமாக.

நீச்சல் குளம் கிடைத்தால் வாரம் ஒரு நாள், மேலே ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க, 25 மீட்டர் நீளத்தை நீருக்கடியில் ஃபினோடு (காலில் மாட்டும் துடுப்பு) எட்டு முறை கடந்து பழகுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிட ஓய்வு. வேகம் வேண்டாம். ஒரு நீளத்துக்கு எத்தனை உதை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குறைக்கப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் மூன்று மீட்டர் இருந்தால் இன்னொன்று செய்யலாம். இறங்கித் தரையில் குப்புறப் படுத்து, எதிரே வைத்த நாணயத்தைப் பார்த்தபடி 20 விநாடி அசையாமல் இருந்து ஏறுவது. வேட்டையில் செய்யப்போவது அச்சாக இதுதான்.

காது

ஆழத்தைத் தடுப்பது பெரும்பாலோருக்கு மூச்சு அல்ல, காதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து காற்றை முக்கித் தள்ளும் முறை தலைகீழாக இறங்கும்போது சில மீட்டரிலேயே கைகொடுக்காது. நெஞ்சுக் காற்று நசுங்கியிருக்கும், வயிற்றுத் தசையும் இறுகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் ஃப்ரென்சல் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்த முறையைத்தான் இன்று முக்குளிப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் நாக்கு பிஸ்டன் போல வேலை செய்கிறது.

கண்ணாடி முன் உட்காருங்கள். இருமப் போகும் முன் தொண்டை ஒரு கணம் அடைத்து நிற்குமே, அந்த அடைப்பை மட்டும் பிடித்து வையுங்கள். இப்போது மூச்சு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வாயில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், உதடு மூடியிருக்கட்டும். நாக்கு நுனியை 'த்' சொல்வதற்கு வைப்பது போல மேல்பல்லின் பின்னால் ஒட்டுங்கள். விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் பின்பகுதியை 'க்' சொல்லப் போவது போல மேலும் பின்னுமாக அழுத்துங்கள். மூக்கு மடல் விரலுக்கடியில் லேசாக உப்பும், இரண்டு காதிலும் 'டிக்' என்று கேட்கும். மறு கை வயிற்றின்மேல் இருக்கட்டும். வயிறு அசைந்தால் பழைய முறையில் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். மூக்கு உப்பாமல் கன்னம் மட்டும் உப்பினால் அண்ணத்தின் பின்பகுதி மூக்கு வழியை அடைத்திருக்கிறது. மூக்கால் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே வாயையும் திறந்து இரண்டு வழியிலும் காற்று போகும்படி செய்து பார்த்தால் அந்த அடைப்பு எங்கே என்று பிடிபடும். தினம் ஐந்து நிமிடம், இரண்டு மூன்று வாரத்தில் படியும். பிறகு தலையைக் கட்டிலின் விளிம்பில் தொங்கவிட்டபடி செய்து பழகுங்கள்.

கடலில் இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறை, வலி வரும் முன்பே. முதல் பத்து மீட்டரில்தான் காற்றின் அளவு வேகமாகச் சுருங்குகிறது, ஆகவே அங்கேதான் அதிகத் தடவை தேவை. வலித்தால் அழுத்திப் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் மேலே வந்து முயலுங்கள், இல்லையா, அந்த முக்குளிப்பை விட்டுவிடுங்கள். தாடை நெஞ்சுப் பக்கம் ஒடுங்கியிருக்கட்டும். தரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினாலே கழுத்து இழுபட்டுக் காது அடைத்துக்கொள்ளும். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்று முக்குளிக்கக் கூடாது. மூக்கடைப்பு மாத்திரையோடு இறங்கினால், அதன் வேகம் இடையில் தணிந்து ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதிலும் சைனஸிலும் மாட்டிக்கொள்ளும்.

மாஸ்க்குக்குள்ளும் கொஞ்சம் காற்றை மூக்கால் ஊத வேண்டும். ஊதாவிட்டால் கண்ணைச் சுற்றி இரத்தம் கட்டும். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியில் ஊத வழியே இல்லாததால் அதோடு ஆழம் இறங்கக் கூடாது. உட்கொள்ளளவு குறைந்த, கண்ணுக்கு நெருக்கமான மாஸ்க் வாங்குங்கள். ஊத வேண்டிய காற்றும் மிச்சம்.

ஈயமும் ஃபினும்

மிதக்கும் உடம்பை இறக்க உதவும் ஈயக் கட்டிகளை ரப்பர் பட்டையில் கோத்து இடுப்பெலும்பில் கட்டுங்கள். நைலான் பட்டை ஆழத்தில் வயிறு சுருங்கும்போது தளர்ந்து நெஞ்சுக்கு நழுவும். ஒரு கையால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

எவ்வளவு ஈயம்? எங்கள் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் 3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்ட 70 கிலோ ஆள் 3 கிலோவில் தொடங்கிப் பார்க்கலாம். சோதனை இரண்டு. மேற்பரப்பில் செங்குத்தாக நின்று, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் தலை நீருக்கு மேலேயே நிற்க வேண்டும். நினைவிழந்தவர் மூச்சை விட்டுவிடுவார், அப்போது அவர் மூழ்கக் கூடாது என்பதற்காக இது. அடுத்து, நிறைந்த மூச்சோடு பத்து மீட்டரில் கால் அசைக்காமல் நின்றால் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஐந்தாறு மீட்டரில் வேட்டையாடுபவர்கள் தரையில் கிடக்க வசதியாக ஈயத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஒரு கிலோ கூட்டலாம், ஆனால் முதல் சோதனையில் தேறினால் மட்டும். அதே கனத்தோடு அன்று ஆழத்துக்குப் போகாதீர்கள். ஏற்றத்தின் முதல் மீட்டர்களில் கால் எரிந்துபோகும்.

ஃபின் நீளமாக, அதன் தட்டையான அலகு மிருதுவாக இருக்க வேண்டும். உதை இடுப்பிலிருந்து வரட்டும். முழங்காலை மடித்து சைக்கிள் மிதிப்பது போல உதைத்தால் ஆக்சிஜன்தான் வீணாகும். கார்பன் அலகு இல்லாமலே 15 மீட்டர் வரை நன்றாகப் போய்வரலாம், முதல் வருடம் அந்தப் பணத்தைப் பயிற்சி வகுப்புக்குக் கொடுங்கள்.

ஈட்டித் துப்பாக்கியின் நீளத்தைப் பொறுத்தவரை, கலங்கல் நீரிலும் பாறைப் பொந்திலும் 75 செ.மீ., பொதுவாக 90 செ.மீ., தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்த இடத்தில் 110. தண்ணீருக்குள் இறங்கிய பிறகே ஈட்டியைத் தள்ளும் ரப்பரை இழுத்து மாட்டுவது, வெளியேறும் முன் கழற்றிவிடுவது, ஜோடியின் பக்கம் முனை ஒருபோதும் திரும்பாமல் இருப்பது மூன்றும் கட்டாயம்.

ஒரு முக்குளிப்பு, விநாடி விநாடியாக

மிதவையைப் பிடித்துக் குப்புற மிதந்து, ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாய் வழியாக இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். உள்ளே நான்கு விநாடி, வெளியே எட்டு விநாடி, வயிற்றால், ஆழ்ந்து இழுக்காமல். இந்த நேரத்தில் கண் கீழே தேடட்டும். எந்தப் பாறையின் எந்தப் பக்கம், நீவாடு (நீரோட்டம்) எங்கிருந்து வருகிறது, மீன் எந்தத் திசையில் முகம் காட்டி நிற்கிறது என்று எல்லாம் மேலேயே முடிவாக வேண்டும். அடியில் யோசிக்க நேரமில்லை.

கடைசி மூச்சு ஒன்றே ஒன்று. முதலில் வயிறு, அப்புறம் விலா, அப்புறம் மேல்நெஞ்சு. கழுத்து இறுகும் வரை திணிக்க வேண்டாம். ஸ்நார்க்கலை வாயிலிருந்து எடுங்கள். அதிலிருந்து குமிழி கிளம்பினால் மீன் ஓடும். அதைவிட முக்கியம், நினைவிழந்தால் அது தண்ணீர் உள்ளே போகும் குழாய். ஒரு முறை காதைச் சமன் செய்துகொண்டு இடுப்பை மடித்துத் தலையைக் கீழே விடுங்கள், காலை நேராக மேலே தூக்குங்கள். கால்களின் எடையே உங்களை அழுத்தும். ஃபின் முழுதும் நீருக்குள் போகும்வரை உதைக்காதீர்கள். 'சளப்' என்ற ஒரு சத்தம் போதும், கீழே உள்ள அத்தனை மீனுக்கும் சேதி போய்விடும்.

முதல் ஆறு மீட்டருக்கு நிதானமான, பலமான உதைகள். பிறகு சிறிய உதைகள். பத்தைத் தாண்டியதும் உதையை நிறுத்துங்கள். உடம்பு தானே விழும். துப்பாக்கி உடலோடு ஒட்டி முன்நோக்கி இருக்கட்டும். நேராக மீனை நோக்கி விழாமல் நான்கைந்து மீட்டர் தள்ளி, பாறையின் மறைவில், மணலைக் கிளப்பாமல் இறங்குங்கள். உயிருள்ள பவளத்தில் கை வைக்காதீர்கள். செத்த பாறையின் விளிம்பை ஒரு விரலால் பிடித்தால் போதும்.

இதை இத்தாலியர்கள் 'அஸ்பெட்டோ' என்கிறார்கள், காத்திருப்பு என்று பொருள். மத்தியதரைக் கடல் வேட்டைக்காரர்கள் செம்மைப்படுத்திய இந்த முறையில்தான் மூச்சடக்கப் பயிற்சியின் பலன் முழுதாகத் தெரியும். படுத்த பத்துப் பதினைந்து விநாடியில், என்ன வந்து கிடக்கிறது என்று பார்க்க மீன்களே நெருங்கும். பாரைக் கூட்டம் ஒரு வட்டம் அடிக்கும், விளமீன் ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்கும். அவற்றின் கண்ணையே முறைத்துப் பார்க்காதீர்கள். முகத்தைத் துப்பாக்கியின் பின்னால் தாழ்த்தி, ஓரக்கண்ணால் கவனியுங்கள். நெஞ்சு இறுகினால் அந்த இறுக்கம் கைக்கு வந்து முனை ஆடும். மூச்சு முட்டுவது தெரிந்ததும் நாக்கையும் தோளையும் தளர்த்துவதற்குப் படுக்கையில் பழகினீர்களே, அது உதவும் இடம் இதுதான்.

தண்ணீரில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். மூன்று மீட்டரில் நிற்பதாகத் தோன்றும் மீன் உண்மையில் நான்கு மீட்டரில் நிற்கிறது. 40 செ.மீ. என்று நினைத்து அடித்தது மேலே வந்தால் 30 தான் இருக்கும். சிறு மீனை விட்டுவிடத் தெரிய வேண்டும் என்றால் இந்தக் கணக்கு கண்ணில் ஊற வேண்டும். முகத்தை நேராகக் காட்டும் மீனை அடிக்காதீர்கள், அம்பு வழுக்கும். பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுத்து, செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பு போகும் கோட்டில் குறி வையுங்கள். விசையை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்துங்கள்.

மீன் வந்ததோ இல்லையோ, முதல் வயிற்றுத் துடிப்பு வந்தால் கிளம்ப வேண்டும். புதியவர்கள் துடிப்பையும் நம்ப வேண்டாம். இறங்கத் தொடங்கியதிலிருந்து 40 விநாடிக்குக் கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு, அது அடித்ததும் எழுந்துவிடுங்கள். ஈட்டி வேட்டையில் மூச்சடக்கம் தெரிந்தவர்களே மயங்கிப் போவது இங்கேதான். நல்ல பயிற்சி, நல்ல உடம்பு, எதிரே பெரிய மீன், 'இன்னும் ஐந்தே விநாடி'. அந்த ஐந்து விநாடி ஏற்றத்துக்காக வைத்திருந்த ஆக்சிஜன்.

அடிபட்ட மீன் பொந்துக்குள் புகுந்தால் கூடவே நுழைந்து இழுக்காதீர்கள். துப்பாக்கியை மிதவைக் கயிற்றோடு இணைத்திருந்தால் கையை விட்டுவிட்டு ஏறலாம். மேலே வந்து நன்றாகத் தேறிய பிறகு மறுபடி இறங்கி எடுங்கள். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. கயிறு காலிலோ ஃபினிலோ சுற்றினால் வெட்ட, கைக்கு எட்டும் இடத்தில் கத்தி. ஏறும்போது மேலே அண்ணாந்து பார்க்காமல், தலையை நடுவாக வைத்துச் சீராக உதையுங்கள். பாதிக்கு மேல் ஏற்றம் தானே இலகுவாகும், அங்கே அவசரப்பட ஒன்றுமில்லை.

மேலே வந்த பிறகு

தலை வெளியே வந்ததும் 'ஹா' என்று மொத்த மூச்சையும் ஊதித் தள்ளாதீர்கள். நுரையீரலில் உள்ள ஆக்சிஜன் அழுத்தம் அந்த நொடியில் இன்னும் விழும். சிறிதளவு மட்டும் வெளியே விட்டு, வேகமாக நிறைய உள்ளிழுத்து, ஒரு விநாடி பிடித்து, மறுபடி சிறிது வெளியே. இப்படி ஐந்தாறு முறை. மிதவையைப் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். பிறகு ஜோடியைப் பார்த்து 'சரி' என்று கையால் காட்டுங்கள். காட்டிய பிறகும் அவர் உங்களை முப்பது விநாடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த முக்குளிப்புக்கு முன் ஓய்வு, இறங்கியிருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது. மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் அன்று மதியமும் தெம்பாக இருப்பீர்கள். 20 மீட்டரைத் தாண்டினால் ஆழத்தை ஐந்தால் வகுத்து வரும் எண், அத்தனை நிமிடம். 25 மீட்டருக்கு ஐந்து நிமிடம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழியாகி வரும் நோய் மூச்சடக்கி இறங்குபவருக்கு வராது என்பது தவறு. பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் நாள் முழுக்க, ஓய்வு குறைவாக ஆழத்தில் முத்துக்குளித்தவர்களுக்கு வந்த தலைச்சுற்றல், வாதம், மரணம் எல்லாவற்றையும் அங்கே 'தாரவனா' என்று ஒரே சொல்லால் குறித்தார்கள்.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. கல்லைப் பிடித்து ஒருவர் இறங்க, மற்றவர் மேலே ஓய்விருப்பார், பிறகு முறை மாறும். ஈட்டி வேட்டையிலும் இதுவே: ஒருவர் கீழே, ஒருவர் மேலே. ஒருவர் இறங்கியிருக்கும்போது மற்றவர் முகத்தை நீருக்குள் வைத்து அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு துப்பாக்கி எடுத்துப் போனால் இருவருமே மீனைத் தேடப் போய்விடுவார்கள், அதனால் தொடக்கத்தில் ஜோடிக்கு ஒரே துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஜோடி கீழே அசைவற்றுப் போனாலோ, ஏறும்போது உதை தளர்ந்து குமிழி விட்டாலோ உடனே இறங்குங்கள். அவரது ஈயப் பட்டையை அவிழ்த்து விடுங்கள். ஒரு கையால் தாடையையும் வாயையும் மூடி, மறு கையால் பின்தலையைத் தாங்கித் தூக்கி வாருங்கள். மேலே வந்ததும் முகம் வானத்தைப் பார்க்க மல்லாத்தி, மாஸ்க்கைக் கழற்றி, கண்ணைச் சுற்றி ஊதுங்கள், கன்னத்தில் தட்டுங்கள், பெயர் சொல்லி 'மூச்சு விடு' என்று சத்தமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில விநாடியில் மூச்சு திரும்பும். பத்து விநாடியில் வராவிட்டால் மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதி, படகுக்கோ கரைக்கோ இழுத்துச் செல்லுங்கள். அங்கும் மூச்சில்லை என்றால் நெஞ்சழுத்தமும் செயற்கைச் சுவாசமும். இந்தியாவில் கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990. நினைவிழந்து தேறியவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது. தண்ணீரை உள்ளிழுத்திருந்தால் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

எங்கே, எதை

படகுகள் உங்களைப் பார்க்க, மிதவையில் முக்குளிப்போர் கொடி இருக்க வேண்டும். நீவாட்டுக்கு எதிராகத் தொடங்குங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். மன்னார் வளைகுடாவில் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதியில் வேட்டை கூடாது. ராட்சதக் களவா, கடல் குதிரை, கடல் அட்டை போன்றவை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மாலத்தீவுக்கு ஈட்டித் துப்பாக்கி கொண்டுபோகவே தடை. ஸ்கூபா உருளையோடு ஈட்டி வேட்டையாடுவதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. போகும் ஊரின் மீன்வளத் துறையில் கேட்டு, அனுமதி என்று தெரிந்த பிறகே துப்பாக்கியை எடுங்கள்.

அடித்த மீனைக் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கத்தி முனையால் குத்தி உடனே கொன்றுவிடுங்கள். துடிக்க விடுவது மீனுக்குக் கொடுமை, சதையும் கெடும், இரத்தமும் துடிப்பும் சுறாவை அழைக்கும். இடுப்பில் கட்டித் தொங்கவிடாமல் மிதவையில் கோர்த்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க வேண்டும். கடலில் மிதக்கும்போது உடம்பு நிறையச் சிறுநீர் கழிக்கும், நீர் வற்றிய உடம்பில் காதும் ஒத்துழைக்காது, காலும் பிடித்துக்கொள்ளும்.

காது ஒரு பக்கம் அடைத்துத் திறக்கவில்லை, முதல் துடிப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வருகிறது, குளிர் நடுக்கம், தலைவலி என்று எது வந்தாலும் அன்று துப்பாக்கியைக் கழற்றிவிட்டு ஜோடிக்கு மேலே காவல் இருங்கள். இருமும்போது எச்சிலில் இரத்தம் தெரிந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு இறுகினாலோ அழுத்தத்தில் நுரையீரல் காயம்பட்டிருக்கலாம். உடனே கரையேறி மருத்துவரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை, சில வாரங்களானாலும், ஒரு மீட்டர் கூட இறங்க வேண்டாம்.